சிஷிட்டோ முதல் பஜ்ஜி மிளகாய் வரை: காரம் குறைந்த மிளகாயைச் சுட்டு, ஆசியச் சுவையில் லோ கார்ப் (மாவுச்சத்து குறைந்த) தட்டு – கேள்விகளும் பதில்களும்

எந்த மிளகாயைப் பற்றிப் பேசுகிறோம்?

குழம்புக்குக் கிள்ளிப் போடுகிற பச்சை மிளகாய் இல்லை. காய்கறியாகவே, தட்டு நிறைய வைத்துச் சாப்பிடக்கூடிய மிளகாய். ஜப்பானில் இதற்குச் சிஷிட்டோ என்று பெயர். 'சிஷி' என்றால் சிங்கம். மிளகாய்க்கு அவர்கள் சொல்லும் 'தோகராஷி'யின் தலைப்பகுதி 'தோ'. நுனி மடிந்து சுருங்கி, அந்த ஊர்ச் சிங்கச் சிலையின் முகம் மாதிரி இருப்பதால் வந்த பெயர். விரல் நீளம், மெல்லிய தோல், ஒன்று 5 முதல் 8 கிராம்தான் இருக்கும். அங்கே அதிகம் விளைவது கோச்சி மாகாணத்தில். யாகிதோரி கடைகளில் கோழித் துண்டுகளுக்குப் பக்கத்திலேயே இதையும் குச்சியில் குத்திக் கரி அடுப்பில் வாட்டுவார்கள்.

கொரியாவின் க்வாரி கோச்சு கிட்டத்தட்ட இதே மிளகாய்தான், தோலில் சுருக்கம் கூடுதல். கியோட்டோவின் மங்கன்ஜி இதைவிடப் பெரியது, சதையும் அதிகம். ஸ்பெயினின் பத்ரோன் தோற்றத்தில் நெருங்கி வரும். ஆனால் அதற்கு ஆலிவ் எண்ணெயும் கல்லுப்பும் போதும் என்பது அந்த ஊர் வழக்கம்.

நம்மூர்க் காய்கறிக் கடையில் சிஷிட்டோ இருக்காதே. எதை வாங்குவது?

பஜ்ஜி மிளகாய். வெளிர் பச்சையாக, ஒரு சாண் நீளத்தில், வழவழப்பான தோலோடு இருப்பது. 250 கிராமுக்கு ஆறேழு காய் வரும். சிஷிட்டோவை முழுதாக வாட்டலாம். பஜ்ஜி மிளகாயை நீளவாக்கில் இரண்டாகக் கீறி, விதையையும் உள்ளே ஓடும் வெள்ளை நரம்பையும் எடுத்துவிட்டு வாட்டுவதுதான் சரி. சதை தடிமன் என்பதால் முழுதாகப் போட்டால் வெளியே கரிந்துபோகும், உள்ளே பச்சை வாசம் மிஞ்சும்.

அடுத்த தேர்வு குடைமிளகாய். காரம் அறவே கிடையாது. குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இதுதான் நிம்மதி. இரண்டு விரல் அகலப் பட்டைகளாக நறுக்குங்கள். சின்னச் சதுரங்களாக நறுக்கினால் நீர் விட்டு, பொரியல் பதத்துக்குப் போய்விடும்.

வாங்கும்போது அழுத்திப் பாருங்கள். விறைப்பாக, தோல் மினுமினுப்பாக இருக்க வேண்டும். தொய்ந்த காயில் உள்நீர் குறைந்துபோயிருக்கும். தோலில் கொப்புளம் எழும்பாது. காம்பு கறுத்திருந்தால் வேண்டாம்.

காரமில்லை என்றுதானே வாங்கினோம்? நடுவில் ஒன்று நாக்கைப் பிடுங்கியதே!

சிஷிட்டோவுக்கு இது பிறவிக் குணம். பத்துக்கு ஒன்று காரமாக அமையும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பொதுவாக இதன் காரம் ஸ்கோவில் அளவில் 50 முதல் 200 வரை. குடைமிளகாய்க்கு இது பூஜ்யம், மெக்சிகோவின் ஹாலபீனோ மிளகாய்க்கு 2,500-லிருந்து 8,000 வரை. செடி தண்ணீருக்குத் தவித்தாலோ, கடும் வெயிலில் காய்த்தாலோ, காரம் தரும் காப்சைசின் கூடுகிறது. அப்படிக் காரமேறிய காய்களில் விதையும் குறைவாக இருப்பது ஜப்பானில் கவனிக்கப்பட்ட விஷயம். ஆனால் சமைக்கும் முன் வெளித்தோற்றத்தை வைத்து இன்னதுதான் காரம் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை.

காரம் இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில். அதை வழித்துவிட்டால் பஜ்ஜி மிளகாயின் காரத்தில் பெரும்பகுதி போய்விடும். நாக்கு எரிந்தால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. காப்சைசின் தண்ணீரில் கரையாது. இரண்டு ஸ்பூன் கெட்டித் தயிரை வாயில் வைத்திருந்து விழுங்குங்கள்.

அடிப்படைச் செய்முறை என்ன?

இரண்டு பேருக்கு: மிளகாய் 250 கிராம், கடலை எண்ணெய் 2 டீஸ்பூன், சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன் (15 மில்லி), எலுமிச்சைச் சாறு அல்லது இனிப்பில்லாத அரிசி வினிகர் 1 டீஸ்பூன், வறுத்த எள்ளில் எடுத்த கறுத்த எள்ளெண்ணெய் அரை டீஸ்பூன், வெள்ளை எள் 1 டீஸ்பூன், துருவிய இஞ்சி அரை டீஸ்பூன், பூண்டு ஒரு பல்.

மிளகாயைக் கழுவி, துணியில் போட்டு ஈரமில்லாமல் துடையுங்கள். காம்பை விட்டுவிடலாம், சாப்பிடும்போது பிடித்துக்கொள்ள உதவும். முழுதாகப் போடுகிற ஒவ்வொரு காயிலும் ஊசியாலோ கத்தி முனையாலோ ஒரு துளை. எள்ளை வெறும் சட்டியில் பொரியும்வரை வறுத்து எடுத்து வையுங்கள். சோயா, எலுமிச்சைச் சாறு, இஞ்சி, நசுக்கிய பூண்டு நான்கையும் ஒரு பெரிய கிண்ணத்தில் கலந்து, அடுப்புக்குப் பக்கத்தில் தயாராக வையுங்கள்.

இரும்புத் தோசைக்கல்லையோ கனமான இரும்பு வாணலியையோ பெரிய தீயில் நான்கைந்து நிமிடம் காயவிடுங்கள். தண்ணீர் தெளித்தால் துளி ஆவியாகி மறையாமல் முத்து முத்தாக உருண்டோட வேண்டும், அதுதான் பதம். மிளகாயை எண்ணெயில் புரட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். முதல் ஒன்றரை நிமிடம் கரண்டியைத் தொடவே கூடாது. பிறகு திருப்பிப் போட்டு, தட்டைக் கரண்டியால் மெல்ல அழுத்துங்கள். மொத்தம் 6 முதல் 8 நிமிடத்தில் தோலில் கொப்புளம் எழும்பி, அங்கங்கே கறுத்து, காய் தொய்ந்துவிடும். கல்லிலிருந்து நேரே கிண்ணத்துக்கு. ஒரு புரட்டு, எள்ளெண்ணெய், எள். உடனே பரிமாறுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, சாஸ் அடுப்பில் ஏறவே இல்லை என்பது. காய்ந்த கல்லில் சோயா ஊற்றினால் நீர் சில நொடிகளில் வற்றி, உப்புத் தூக்கி, அடிபிடித்துக் கசக்கும். சூடான மிளகாய் கிண்ணத்தில் விழும்போது, அந்தச் சூடே பூண்டின் பச்சை வாசத்தைத் தணிக்கப் போதும்.

கொப்புளம் வராமல் வதக்கல் மாதிரி ஆகிவிடுகிறது. ஏன்?

அதிகம் வருகிற புகார் இதுதான். கல்லின் சூடு தோலுக்கு அடியில் உள்ள நீரைச் சட்டென்று ஆவியாக்கி, அந்த ஆவி தோலைச் சதையிலிருந்து மேலே தள்ளுவதுதான் கொப்புளம். சூடு மெதுவாக ஏறினால் ஆவி சிறுகச் சிறுகக் கசிந்து வெளியேறிவிடும். தோல் சதையோடு ஒட்டியபடியே காய் வதங்கும்.

சூட்டைக் குறைப்பவை மூன்று. தோலில் ஈரம் முதலாவது: கல்லின் சூடெல்லாம் அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. கூட்டம் அடுத்தது: 26 செ.மீ. கல்லில் ஒரே ஈடாக 250 கிராம் போட்டால் விடுகிற ஆவியிலேயே வெந்துபோகும். 125 கிராம் வீதம் இரண்டு ஈடாகப் போடுங்கள். மூன்றாவது உப்பு. முதலிலேயே உப்புப் போட்டால் நறுக்கிய குடைமிளகாய் நீர் விட்டுவிடும். சோயாவிலேயே வேண்டிய உப்பு இருப்பதால் தனி உப்பே தேவையில்லை.

நான்-ஸ்டிக் தவாவில் இந்தப் பதம் வராது. அதைக் காலியாக இவ்வளவு காயவிடவும் கூடாது. சுமார் 260 டிகிரிக்கு மேல் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். இரும்புக் கல் இல்லையென்றால் ஓவனுக்குப் போய்விடுங்கள்.

துளை போடாவிட்டால் என்ன ஆகும்?

உள்ளே அடைபட்ட ஆவி ஒரு பக்கமாகக் கிழித்துக்கொண்டு வெளியேறும், சுற்றிலும் எண்ணெய் தெறிக்கும். கீறிய மிளகாய்க்கு இந்தக் கவலை இல்லை. எப்படிச் செய்தாலும் சன்னலைத் திறந்து வையுங்கள். காரக் காய் ஒன்று கரிந்தால் வீடே இருமும்.

ஓவனிலும் ஏர் ஃப்ரையரிலும்?

ஓவனை 230 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் முன்சூடு செய்யுங்கள், தட்டு உள்ளேயே இருக்கட்டும். காய்ந்த தட்டில் மிளகாயைப் பரப்பி, மேல் அடுக்கில் வைத்து 8 முதல் 12 நிமிடம்; பாதியில் ஒருமுறை குலுக்குங்கள். சின்ன ஓடிஜியில் கதவைத் திறந்தாலே சூடு இறங்கிவிடும், அதனால் கடைசி இரண்டு நிமிடம் மேல் கம்பியை மட்டும் எரியவிடுங்கள். பஜ்ஜி மிளகாய்ப் பாதிகளைத் தோல் மேலே பார்க்க வையுங்கள்.

ஏர் ஃப்ரையரில் 200 டிகிரி, 6 முதல் 8 நிமிடம், ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். கொப்புளம் நன்றாகவே வரும். இரும்புக் கல்லில் வருகிற அந்தக் கரிந்த வாசம் மட்டும் இருக்காது.

எள்ளெண்ணெய் என்றால் நம் நல்லெண்ணெய்தானே?

எள் ஒன்றுதான், எண்ணெய் வேறு. ஜப்பான், கொரியா, சீனச் சமையலில் கடைசியில் சொட்டுவது, எள்ளை நன்றாக வறுத்து ஆட்டிய கறுத்த எண்ணெய். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் எடுப்பது. வாசம் மென்மை, லேசான கசப்பும் உண்டு. ஒன்றுக்கு மற்றொன்றை அப்படியே மாற்றினால் தட்டு இட்லிப்பொடி மணக்கும். மோசமில்லை, ஆனால் வேறு உணவு.

கறுத்த எண்ணெய் கிடைக்காவிட்டால் வழி இருக்கிறது. ஒரு டீஸ்பூன் எள்ளைப் பொன்னிறத்துக்கும் ஒரு படி மேலே வறுத்து, சூட்டோடு உரலில் கரகரப்பாக இடித்து, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் குழைத்துக் கடைசியில் சேர்க்கலாம். எந்த வகையானாலும் எள்ளெண்ணெயில் மிளகாயை வாட்டாதீர்கள். வறுத்த எள்ளெண்ணெய் சீக்கிரம் புகைந்து கசக்கும். வாட்டுவதற்குக் கடலை எண்ணெய்தான்.

எந்தச் சோயா சாஸ்?

பாட்டிலைத் திருப்பி, சேர்த்திருக்கும் பொருள்களைப் படியுங்கள். சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் மட்டும் இருந்தால் புளிக்கவைத்து எடுத்த நல்ல சாஸ். நம் கடைகளில் ஃப்ரைடு ரைஸுக்காக விற்கும் கெட்டியான டார்க் சோயா பலவற்றில் சர்க்கரையும் கேரமல் நிறமும் இருக்கும். இந்தத் தட்டுக்கு அது வேண்டாம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கோதுமையில்லை என்று அச்சிட்ட தமாரி (ஜப்பானியச் சோயா சாஸ் வகை) வாங்கலாம். வெறும் 'தமாரி' என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம், சிலவற்றில் கொஞ்சம் கோதுமை சேர்ந்திருக்கும்.

ஒரு தட்டில் மாவுச்சத்து எவ்வளவு?

100 கிராம் பச்சைக் காயில்: சிஷிட்டோவுக்கு மாவுச்சத்து 5.7 கிராம், அதில் நார்ச்சத்து 3.6. பஜ்ஜி மிளகாய் வகைக்கு 5.4, நார் 3.4. பச்சைக் குடைமிளகாய்க்கு 4.6, நார் 1.7. சிவப்புக் குடைமிளகாய்க்கு 6.0, நார் 2.1; பழுத்ததால் சர்க்கரை ஏறியிருக்கும்.

நாரைக் கழித்தால் 250 கிராம் சிஷிட்டோவில் சுமார் 5 கிராம். சோயா, பூண்டு, எள், எலுமிச்சை எல்லாம் சேர்ந்து இரண்டரை கிராம். ஆக, ஆளுக்கு 4 கிராம். பச்சைக் குடைமிளகாயில் செய்தால் 5, சிவப்பில் 6. நாளுக்கு 20 கிராம் என்று கறாராக எண்ணுகிறவருக்கும் இது இடிக்காது.

அப்படியானால் லோ கார்ப் எங்கே கெடுகிறது?

பாட்டிலில். மிளகாய் அப்பாவி. ஒரு டேபிள்ஸ்பூன் ஹாய்சின் சாஸில் சுமார் 7 கிராம் மாவுச்சத்து, இனிப்பு அரிசி மதுவான மிரினிலும் அதே அளவுக்கு, புளித்த சோயா விழுதான மிசோவில் 4, ஆய்ஸ்டர் சாஸில் 2. சோயா சாஸில் 1 கிராமுக்கும் குறைவாகக் கணக்கு வைத்திருந்தவர் அதே கையால் கோச்சுஜாங்கைப் போட்டால் கதை மாறும், ஏனென்றால் அந்தக் கொரிய மிளகாய் விழுதில் அரிசியும் இனிப்புப் பாகும் உண்டு. இந்தோனேசியாவின் கெச்சாப் மானிஸ், பெயரிலேயே இனிப்பு. பனைவெல்லப் பாகில் சோயா கலந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுஷிக்கென்று விற்கும் அரிசி வினிகரிலும் சர்க்கரை கலந்திருக்கும்.

மிசோ வாசம் வேண்டுமென்றால் ஒரு டீஸ்பூன் எடுத்து, ஒரு டேபிள்ஸ்பூன் வெந்நீரில் கரைத்து, சோயாவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு முக்கால் கிராம்கூட ஏறாது. கோச்சுஜாங்குக்குப் பதில் கொரிய மிளகாய்த் தூளான கோச்சுகரு, அல்லது நம் காஷ்மீரி மிளகாய்த் தூள் அரை டீஸ்பூன். இனிப்பு இல்லாமல் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் சர்க்கரை மாற்றைத் தேடாதீர்கள். மிளகாயை இன்னும் ஒரு நிமிடம் வாட்டுங்கள், அதன் சொந்த இனிப்பு வெளியே வரும்.

ஜப்பானியத் தட்டுகளில் மேலே ஆடுகிற அந்த மீன் சீவல் என்ன? பதிலுக்கு எதைப் போடலாம்?

கட்சுவோபுஷி. சூரை மீன் வகையை வேகவைத்து, புகையிட்டு, கட்டையாகும்வரை உலர்த்தி, காகிதம்போலச் சீவியது. சூடான மிளகாயின் ஆவியில் அது நெளிவதைத்தான் ஆடுகிறது என்கிறோம்.

பதிலுக்கு மாசிக் கருவாடு கச்சிதம். மாலத்தீவிலும் மினிக்காய்த் தீவிலும் அதே மீனை அதே வழியில் அவித்து, புகையிட்டு, காயவைப்பதுதான் மாசி. இலங்கைச் சமையலில் சம்பல்வரை போகிறது. சீவ வராது என்பதால் இடித்து, வெறும் சட்டியில் அரை நிமிடம் சூடுகாட்டி, ஒரு டீஸ்பூன் தூவுங்கள். உப்பு அதிகம், சோயாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம்.

சோயா, எள் தவிர வேறு ஆசியச் சுவைகள்?

நிறைய. மூன்றை மட்டும் சொல்கிறோம், மூன்றும் நம் அடுப்படியில் நடக்கும்.

சீனர்களின் புலித்தோல் மிளகாய்: எண்ணெயே இல்லாத காய்ந்த வாணலியில், கரண்டியால் அழுத்தி அழுத்தி வாட்டுவார்கள். கறுப்பும் பச்சையுமாகத் தோல் புலிவரியாகும். பிறகு ஓரமாக ஒதுக்கி, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் நறுக்கிய பூண்டு மூன்று பல், தீயைத் தணித்து சோயா ஒரு டேபிள்ஸ்பூன், ஜென்ஜியாங் கறுப்பு வினிகர் இரண்டு டீஸ்பூன், இரண்டு புரட்டு. வழக்கமாக அரை டீஸ்பூன் சர்க்கரை சேரும், அது 2 கிராம். விட்டுவிட்டாலும் ருசி குறையாது. பஜ்ஜி மிளகாய்க்கு இந்த முறைதான் மிகப் பொருத்தம். புளிப்பு அதன் பச்சை வாசத்தை அடக்கிவிடும்.

கொரியர்கள் இதே மிளகாயை உலர்ந்த நெத்திலியோடு சேர்ப்பார்கள். 40 கிராம் சின்ன நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, கழுவித் துடைத்து, எண்ணெயில்லாமல் மொறுமொறுப்பாக வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் மிளகாயை வாட்டி, பூண்டு, ஒரு டீஸ்பூன் சோயா, கடைசியில் நெத்திலி, எள்ளெண்ணெய். அவர்கள் ஊற்றும் சோளப்பாகை நாம் விட்டுவிடுகிறோம். நம் நெத்திலிக் கருவாட்டில் உப்பு தூக்கலாக இருந்தால் பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாது. மிளகாயை மாவில் பிரட்டி அவிக்கிற கொரிய வகை ஒன்றும் உண்டு. மாவு என்பதால் நம் கணக்கில் அது வராது.

வட தாய்லாந்தின் நாம் பிரிக் நும், துவையலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு மூன்றையும் தோலோடு சுட்டு, உரித்து, உரலில் நசுக்கி, மீன் சாஸ் விடுவது. மிக்ஸியில் அரைத்தால் கூழாகிவிடும்; நார் நாராகத் தெரிய வேண்டும். சின்ன வெங்காயத்தில் 100 கிராமுக்கு 17 கிராம் மாவுச்சத்து இருப்பதால், 200 கிராம் மிளகாய்க்கு மூன்று வெங்காயத்தோடு நிறுத்துங்கள். சியாங் மாயில் இதற்குத் தொட்டுக்கொள்வது பொரித்த பன்றித்தோல். லோ கார்ப்காரர்களுக்கென்றே கண்டுபிடித்த மாதிரி ஒரு ஜோடி.

பேலியோவில் இருக்கிறேன், சோயா தொடுவதில்லை.

மீன் சாஸ் ஒன்றரை டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு இரண்டு டீஸ்பூன், இஞ்சி. சைவம் என்றால் உப்பு, எலுமிச்சை, இடித்த எள், பொடித்த நோரி பாசி.

கரிந்த தோலை உரிக்க வேண்டுமா?

சிஷிட்டோவில் வேண்டாம். குடைமிளகாயில், தோல் முழுக்கக் கறுத்திருந்தால் பத்து நிமிடம் மூடி வைத்து உரிக்கலாம். ஓடும் தண்ணீரில் உரிக்காதீர்கள், சுட்ட வாசமெல்லாம் அதோடு போய்விடும்.

சோறு இல்லாமல் எதோடு சாப்பிடுவது?

முட்டை ஆம்லெட், பனீர் அல்லது டோஃபு, பொரித்த மீன், கோழித் தொடை. 150 கிராம் டோஃபுவை அழுத்தி நீர் நீக்கி, மிளகாய் வாட்டிய அதே கல்லில் இரு பக்கமும் சிவக்கவிட்டு, அதே கிண்ணத்துச் சாஸில் புரட்டினால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. அவித்த முட்டையை இரண்டாக வெட்டி, மிச்சச் சாஸில் தோய்த்தாலும் ஆயிற்று.

சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

மிளகாயால் தொந்தரவில்லை. உப்பைக் கவனியுங்கள்: ஒரு டேபிள்ஸ்பூன் சோயாவில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம், உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நாள் உச்சவரம்பு 2,000. சோயாவைப் பாதியாக்கி எலுமிச்சையைக் கூட்டுங்கள். இன்சுலினோ, சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோறு, இட்லியையெல்லாம் ஒரேயடியாக நிறுத்தும் முன் மருத்துவரிடம் பேசி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கக்கூடும்.

முன்கூட்டியே செய்து வைக்கலாமா?

சாஸை மட்டும் வைக்கலாம், பூண்டு சேர்க்காமல். வாட்டிய மிளகாய் பதினைந்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். மிஞ்சியதை மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். காய்ந்த கல்லில் ஒரு நிமிடம் காட்டினால் போதும், மைக்ரோவேவ் வேண்டாம். ஃப்ரீஸரில் வைத்தால் சதை உடைந்து சொதசொதவென்றாகும். பச்சைக் காயைக் கழுவாமல், காகிதத்தில் சுற்றி, காய்கறித் தட்டில் வைத்தால் ஒரு வாரம் விறைப்பாக இருக்கும். சமைக்கும் நாளில் கழுவினால் போதும்.